டிரைவருக்குக் குளிர், பக்கத்து சீட்டுக்கு அனல்: கார் ஏ.சி.யின் பழைய பஞ்சாயத்து

இன்னிக்கு எபிசோடு கார் ஏ.சி. பற்றி. இன்னும் சரியா சொன்னா, கார் ஏ.சி.யோட ஒரே ஒரு கம்ப்ளைன்ட் பற்றி. டிரைவர் பக்கம் ஜில்லுனு காத்து வருது, பக்கத்து சீட்ல வெதுவெதுன்னு வருது. இல்லேன்னா முன்னாடி உட்கார்ந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நடுங்குறாங்க, பின்னாடி அம்மாவும் அப்பாவும் துண்டால விசிறிக்கிட்டு வர்றாங்க. வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டா பல இடங்கள்ல ஒரே பதில்தான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்."

அது சில நேரம் சரியான பதில். சில நேரம் சம்பந்தமே இல்லாத பதில். சரியா இருக்கும்போதும் அது பாதி பதில்தான், ஏன்னு கடைசியில சொல்றேன்.

ரிப்பேர் விஷயத்துக்கு எதுக்கு ஹிஸ்டரி எபிசோடுன்னு கேட்கலாம். கார்ல குளிர்ந்த காத்தை உண்டாக்குறது 1940-லயே முடிஞ்சுபோன வேலை. அந்தக் காத்தை உள்ளே இருக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி பங்கு போட்டுக் கொடுக்கிறதுதான் இன்னிக்கு வரைக்கும் இழுபறி. ஒவ்வொரு காலத்துலயும் இன்ஜினியர்கள் எங்க முட்டிக்கிட்டாங்கன்னு பார்த்தா, உங்க கார்ல எங்க சிக்கல்னு தேட வசதியா இருக்கும்.

முதல்ல பேக்கார்டு. அமெரிக்காவின் பணக்காரக் கார் கம்பெனி. ஃபேக்டரியிலேயே ஏ.சி. பொருத்தி வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் அறிவித்தது இவர்கள்தான், 1940 மாடல் கார்களுக்கு. கூடுதல் விலை 274 டாலர். அங்கே ஒரு சாதாரணக் காரே ஆயிரம் டாலருக்குள் கிடைத்த காலம் அது.

அந்த ஏ.சி. எங்கே இருந்தது தெரியுமா? டிக்கியில். இவாப்பரேட்டர், அதாவது காத்தைக் குளிர வைக்கிற அந்தக் கம்பிவலை மாதிரியான பெட்டி, பின்சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்ப்ரஸ்ஸர் முன்னாடி இன்ஜின்ல. நடுவுல வண்டி முழு நீளத்துக்கும் கேஸ் பைப். குளிர்ந்த காத்து பின்சீட்டு ஆட்களோட பிடரியில முதல்ல அடிக்கும், மிச்சம்தான் முன்னாடி வரும். முதலாளி பின்னாடி ஜம்முனு உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங் பிடிச்ச டிரைவருக்கு எஞ்சினது ஏதோ கொஞ்சம். சரிசமமா இல்லாத ஏ.சி. பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது.

இதைவிட வேடிக்கை, அதுல தெர்மோஸ்டாட் கிடையாது. கம்ப்ரஸ்ஸரைத் தனியா நிறுத்துற கிளட்ச்சும் கிடையாது. இன்ஜின் ஓடினா ஏ.சி.யும் ஓடும். உள்ள இருந்து ஃபேனை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். குளிர்காலத்துல வேண்டாம்னா வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றணும். 1941 மாடலோடு பேக்கார்டு இதைக் கைவிட்டது. அப்புறம் போர், அமெரிக்காவில் கார் உற்பத்தியே நின்றுபோனது.

1953-ல் ஏ.சி. திரும்பி வந்தது, இன்னும் டிக்கியில்தான். ஆனா இந்த முறை காத்தை எப்படிப் பரப்புறதுன்னு கொஞ்சம் யோசிச்சிருந்தாங்க. குளிர்ந்த காத்து கனமானது, தானாகக் கீழே இறங்கும். அதனால மேல இருந்து விட்டா எல்லார் மேலயும் மெதுவா இறங்கும்னு கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் கெடிலாக் போன்ற கார்களில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையிலிருந்து கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய்கள் கூரைக்கு ஏறும். பழைய போட்டோக்களில் பார்த்தால் காருக்குள் மீன்தொட்டி வைத்த மாதிரி இருக்கும். கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் 'ஏர்டெம்ப்' என்ற சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. ஹை, மீடியம், லோ என்று ஒரே சுவிட்ச். காத்து ஆட்கள் முகத்தில் நேராக அடிக்காமல் கூரையை நோக்கிப் போய்த் தணிந்து இறங்கும். என்னைக் கேட்டா, பங்கு போடுற விஷயத்துல இன்னிக்கு இருக்கிற பல பட்ஜெட் கார்களைவிட அது நாகரிகமான டிசைன்.

பெரிய மாற்றம் 1954-ல், நாஷ் அம்பாசிடர் காரில். நம்ம ஊர் அம்பாசிடருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பேர்ப் பொருத்தம் மட்டும்தான். நாஷ்-கெல்வினேட்டர் என்ற இந்தக் கம்பெனி காரும் செய்தது, ஃபிரிட்ஜும் செய்தது. ஃபிரிட்ஜ் தெரிஞ்சவங்க கார் செஞ்சா என்ன ஆகும்? ஹீட்டர், வென்டிலேஷன், ஏ.சி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, பானெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் அடக்கிவிட்டார்கள். டிக்கி முழுசா காலி. கம்ப்ரஸ்ஸருக்குக் கிளட்ச் வந்ததால் வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்கலாம். விலை 345 டாலர், போட்டிக் கம்பெனிகளை விடக் கம்மி. இன்னிக்கு ரோட்ல ஓடுற கார்கள் பெரும்பாலும் இந்த டிசைனோட பேரப்பிள்ளைகள்தான்.

இங்கதான் பஞ்சாயத்து தலைகீழாச்சு. இதுவரைக்கும் பின்னாடி குளிர், முன்னாடி வெக்கை. இப்போ காத்து டேஷ்போர்டுல இருந்து கிளம்புது. முன்சீட்டு ரெண்டும் சுவர் மாதிரி நிக்குது. நடுவுல இருக்கிற சந்து வழியா நுழைஞ்சு போறதுதான் பின்சீட்டுக்கு. அதைச் சரிக்கட்டத்தான் பிற்காலத்தில் நடுக் கன்சோலில் பின்பக்க வெண்ட், 2005-ல் வந்த இன்னோவா மாதிரி வண்டிகளில் கூரை வெண்ட் எல்லாம்.

உங்க பிரச்சனை 'முன்னாடி ஓகே, பின்னாடி இல்ல'ன்னா இந்த இடத்தைக் கவனிங்க. பெரும்பாலான சின்னக் கார்களில் கன்சோல் வெண்ட்டுக்கும் டேஷ்போர்டு வெண்ட்டுக்கும் ஒரே இவாப்பரேட்டர்தான். குளிர் உண்டாகுது, பின்னாடி போய்ச் சேரல. அப்போ சந்தேகம் கேஸ் மேல வரக்கூடாது, காத்தோட அளவு மேல வரணும். முதல்ல கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. அது தூசி அடைச்சிருந்தா தூரமா இருக்கிற வெண்ட்தான் முதல்ல மூச்சுத் திணறும். பின்பக்கத்துக்குன்னு தனி இவாப்பரேட்டர் வெச்ச பெரிய வண்டிகள் வேற கதை.

சரி, அடுத்தது இடது வலது சண்டை. இதுக்கு 1964-க்குப் போகணும். கெடிலாக் அந்த வருஷம் 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேண்டிய வெப்பநிலையைச் சொல்லிவிட்டால் போதும், சென்சார்களைப் பார்த்து அதுவே குளிரையும் சூட்டையும் கலந்து கொடுக்கும்.

கலந்துன்னு சொன்னதைக் கவனிங்க. காரில் பொதுவாகக் குளிரை நேரடியாகக் கூட்டிக் குறைப்பதில்லை. காத்தை முதலில் நன்றாகக் குளிர வைத்து, அதில் ஒரு பங்கைச் சுடுதண்ணி ஓடும் ஹீட்டர் கோர் வழியாக அனுப்பி, ரெண்டையும் கலந்துதான் விடுகிறார்கள். குளிக்கப் போகும்போது பக்கெட்ல சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் விளாவுற அதே டெக்னிக். விளாவுற வேலையைச் செய்யுற சின்னக் கதவுக்குப் பேர் பிளெண்ட் டோர்.

இந்தக் கலவையை வைத்து விதவிதமாக விளையாடினார்கள். 1975-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கமார்க் காரில் தலைக்கு ஒரு வெப்பநிலை, காலுக்கு வேற வெப்பநிலை. அதாவது காசு கொடுத்து, வேணும்னே சமமில்லாத ஏ.சி. வாங்கினாங்க! டூயல் ஜோன் அதே யோசனையைப் பக்கவாட்டில் செய்கிறது. பெட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு, ரெண்டு பிளெண்ட் டோர், ரெண்டு குட்டி மோட்டார். அந்த மோட்டார்களுக்குள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம்.

அந்தப் பல்லுல ஒண்ணு உடைஞ்சா கதவு பாதியில நின்னுடும். ஒரு பக்கம் எப்பவும் கொஞ்சம் சூடு கலந்துக்கிட்டே இருக்கும். கண்டுபிடிக்கிறது சுலபம். இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் ரெண்டு பக்கத்தையும் கடைசிக் குளிருக்கு வைங்க, அப்புறம் கடைசிச் சூட்டுக்கு. ஒரு பக்கம் மட்டும் அசையாம அதே வெதுவெதுப்புல நின்னா, டேஷ்போர்டுக்குள்ள 'டிக் டிக் டிக்'னு சத்தமும் வந்தா, கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டாப்-அப்புக்குக் கொடுக்கிற காசு வீண்.

ஆனா டூயல் ஜோன் இல்லாத, ஒரே ஒரு குமிழ் வெச்ச சாதாரணக் கார்லயும் இடது வலது வித்தியாசம் வருது. இதுக்கு கேஸோட கதையைப் பார்க்கணும்.

ஆரம்ப காலத்து ஃபிரிட்ஜ்களில் இருந்த கேஸ்கள் விஷம், இல்லேன்னா தீப்பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி குழு அதுக்கு மாற்றாக ஃப்ரியானைக் கொண்டுவந்தது. 1930-ல் அவர் அதை மேடையில் மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். கார் ஏ.சி.யில் பல பத்தாண்டுகள் ஓடிய ஆர்-12 அந்தக் குடும்பம்தான். 1974-ல் மொலினாவும் ரோலண்டும் இந்த வகைக் கேஸ்கள் ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். தொண்ணூறுகளில் கார்கள் ஆர்-134ஏ-க்கு மாறின. இப்போ அதையும் குறைக்கச் சொல்லும் கிகாலி திருத்தம், இந்தியாவும் 2021-ல் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பயணத்துல சத்தமில்லாம இன்னொண்ணும் நடந்தது. கேஸோட அளவு சுருங்கிடுச்சு. அறுபதுகளின் பெரிய அமெரிக்கக் கார்களில் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் இருக்கும். இன்னிக்கு ஒரு சின்னக் காரில் சுமார் 400, 500 கிராம்தான். அன்னிக்கு 100 கிராம் கசிஞ்சா யாருக்கும் தெரியாது. இன்னிக்கு அது கிட்டத்தட்ட கால்வாசி.

கால்வாசி போனா என்ன ஆகும்? திரவமா உள்ள வர்ற கேஸ், இவாப்பரேட்டர்ல கொதிச்சு ஆவியாகும்போதுதான் குளிர். கேஸ் குறைஞ்சா வாசலுக்குப் பக்கத்துலயே எல்லாம் ஆவியாயிடும். மீதிப் பகுதிக்கு வெறும் ஆவிதான் போகும், அங்க குளிர் இருக்காது. குளிர்ந்த பாதி வழியா வந்த காத்து ஒரு பக்கத்து வெண்ட்டுக்கு, குளிராத பாதி வழியா வந்தது மறுபக்கத்துக்கு. எந்தப் பக்கம்ங்கிறது கார் டிசைனைப் பொறுத்தது. ஆக, மெக்கானிக் சொன்ன "கேஸ் கம்மி" இந்த இடத்துல நிஜமா இருக்கலாம்.

அப்போ ஏன் அது பாதி பதில்? ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்ல. மூடின வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்கிறது. வேகமா குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டையை விட்டுட்டு ஊத்தினா அடுத்த கோடைக்குள்ள மறுபடி போயிடும். அதோட கம்ப்ரஸ்ஸருக்கான ஆயில் இந்தக் கேஸோட சேர்ந்துதான் சுத்துது. கேஸ் குறைவா ஓட்டிக்கிட்டே இருந்தா ஆயில் திரும்பி வராம கம்ப்ரஸ்ஸரே ஜாம் ஆகலாம். டாப்-அப் செலவை விட அது பல மடங்கு.

அப்புறம் அந்த மீட்டர். முள்ளைக் காட்டி "பாருங்க, கம்மி"ன்னு சொல்வாங்க. வீட்டு கேஸ் சிலிண்டரை நினைச்சுக்கோங்க. உள்ள துளி திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும் பிரஷர் கிட்டத்தட்ட அதேதான், அடுப்பும் நல்லாத்தான் எரியும். எவ்வளவு மிச்சம்னு தெரிய நம்ம வீட்ல சிலிண்டரைத் தூக்கித்தான் பார்ப்பாங்க. கார்லயும் அதேதான். மீட்டர் துப்பு கொடுக்கும், அளவு சொல்லாது. இருக்கிற கேஸை மெஷின்ல முழுசா உறிஞ்சி எடுத்து எடை போட்டாத்தான் எவ்வளவு குறைஞ்சதுன்னு தெரியும்.

அதை வெளியே திறந்து விடவும் கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குறதுல சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு சின்னக் காரோட 450 கிராமைக் காத்துல விட்டா சுமார் 640 கிலோ. கிட்டத்தட்ட 280 லிட்டர் பெட்ரோலை எரிச்சதுக்குச் சமம், வண்டி ஒரு அடி கூட நகராம.

அடுத்த தடவை மெக்கானிக் ஷாப் போறப்போ மூணு கேள்வி கேளுங்க. "ரெக்கவரி மெஷின் இருக்கா அண்ணே, எடை போட்டுச் சொல்றீங்களா?" "லீக் எங்கன்னு நைட்ரஜன் பிரஷர் வெச்சோ, டை விட்டோ பார்ப்பீங்களா?" "பிளெண்ட் டோரை ஓட்டிப் பார்த்தீங்களா?" எத்தனை கிராம், எந்தக் கேஸ்ங்கிறது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர்ல அச்சடிச்சிருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.