கால்கிஸில் அரிஸ்டாட்டில்: ஒரு மரணமும் அதைச் சுற்றி வளர்ந்த கதைகளும்

கி.மு. 323 ஜூனில் பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்த செய்தி எட்டியதும், ஏதென்ஸ் மாசிடோனிய ஆதிக்கத்துக்கு எதிராகப் போருக்குக் கிளம்பியது. அலெக்சாண்டருக்குப் பாடம் சொன்னவர், மாசிடோனியத் தளபதி ஆண்டிபாட்டரின் நெருங்கிய நண்பர், ஏதென்ஸில் குடியுரிமையோ சொந்தமாக ஒரு வீடு வாங்கும் உரிமையோ இல்லாதவர் அரிஸ்டாட்டில். அவருக்கு அங்கே இனிப் பாதுகாப்பில்லை.

அவர்மீது வந்ததோ தெய்வநிந்தனை வழக்கு. பாரசீகர் கையில் மாண்ட நண்பர் ஹெர்மியாஸைப் புகழ்ந்து அவர் எழுதிய பாடல், மனிதரைத் தெய்வமாக்குகிறது என்று எலியூசிஸ் வழிபாட்டின் தலைமைப் பூசாரி யூரிமெடான் குற்றம்சாட்டியதாக, தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லாயர்டியஸ் சொல்கிறார். ஹெர்மியாஸ் இறந்து அப்போது 15 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இத்தனை காலம் யாரையும் உறுத்தாத பாடல் அந்த ஆண்டு திடீரெனக் குற்றமானதற்கு அரசியல் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தான் நடத்திவந்த லைசியம் பள்ளியைத் தியோஃப்ராஸ்டஸ் ஏற்றுக்கொள்ள, அரிஸ்டாட்டில் யூபியா தீவின் கால்கிஸ் நகருக்குச் சென்றார். அது அவருடைய தாய்வழி ஊர். மாசிடோனியப் படை காவலிருந்த இடமும்கூட. மறு ஆண்டே, கி.மு. 322இல், ஏறத்தாழ 62 வயதில் அங்கே இறந்தார்.

எப்படி இறந்தார் என்பதில்தான் கதைகள் கிளைத்தன. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் காலக்கணக்கர் அப்பல்லோடோரஸ், நோயால் இறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். யூமெலஸ் என்பவரோ, அவர் 70 வயதில் நஞ்சருந்தி மாண்டார் என்கிறார். நஞ்சும் 70 வயதும் சாக்ரடீஸுக்கு உரியவை. ஏதென்ஸ் வழக்குத் தொடுத்த இன்னொரு தத்துவஞானிக்கு அந்த முடிவையே எடுத்துச் சூட்டிவிட்டார்கள். தவிர, மாசிடோனியாவின் பெரும் பகைவரான டெமாஸ்தனிஸ் கலோரியா தீவில் நஞ்சருந்தி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

மூன்றாவது கதை கிறித்தவ எழுத்தாளர்களிடம் வருகிறது. கால்கிஸை ஒட்டிய யூரிப்பஸ் நீரிணையில் நீரோட்டம் ஒரே நாளில் பலமுறை திசை மாறும். அதன் காரணத்தைக் கண்டறிய முடியாத வருத்தத்திலேயே அரிஸ்டாட்டில் இறந்தார் என்று ஜஸ்டினின் பெயரில் வழங்கும் ஒரு நூல் சொல்கிறது. பின்னாளில் அவர் அந்த நீரிலேயே குதித்துவிட்டதாகவும் கதை வளர்ந்தது. மனித அறிவுக்கு எல்லை உண்டு என்று காட்ட விரும்பியவர்களுக்கு இதைவிட வசதியான மரணம் கிடைத்திருக்காது.

இக்கதைகளைவிட நான் பெரிதும் மதிப்பது அவருடைய உயிலை. டயோஜெனிஸ் காத்துத் தந்த அந்த ஆவணத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் நம்பகமானதாகவே கொள்கின்றனர். அதில் தத்துவமோ நூல்களோ பேசப்படவில்லை. பேச்செல்லாம் குடும்பத்தையும் வீட்டு அடிமைகளையும் பற்றித்தான். நிறைவேற்றும் பொறுப்பு ஆண்டிபாட்டருக்கு. மகளை நிக்கனோர் மணக்க வேண்டும். இறுதிக்காலத் துணை ஹெர்பிலிஸ் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதைச் சொல்லி, அவளுக்கு ஒரு டாலந்து வெள்ளியும், கால்கிஸில் தோட்டத்தை ஒட்டிய விருந்தினர் வீடு அல்லது ஸ்டகிராவிலுள்ள தந்தைவழி வீடு, இரண்டில் அவள் விரும்புவதும் என்று எழுதுகிறார். தன்னை எங்கே புதைத்தாலும், முன்பே இறந்த மனைவி பித்தியாஸின் எலும்புகளை, அவள் கேட்டுக்கொண்டபடி, அங்கேயே சேர்க்கச் சொல்கிறார்.

அடிமைகளைப் பற்றிய பகுதி இன்னும் கூர்ந்து படிக்கத்தக்கது. அம்பிராகிஸ் என்ற பெண்ணுக்கு விடுதலை, மகளின் திருமணத்தின்போது 500 டிராக்மா. தனக்குப் பணிசெய்த சிறுவர்களில் ஒருவரையும் விற்கக் கூடாது. வயது வந்ததும், தகுதியிருந்தால் விடுவிக்க வேண்டும். இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறப்பவர் உண்டு என்று ‘அரசியல்’ நூலில் வாதிட்டவர் எழுதிய வரிகள் இவை. ஆனால் அதே நூலின் ஏழாம் பகுதி, விடுதலையை எல்லா அடிமைகளுக்கும் பரிசாக முன்வைக்க வேண்டும் என்கிறது. காரணத்தைப் பிறகு விளக்குவதாகச் சொல்லிவிட்டு அவர் விளக்காமலே விட்ட இடம் அது.