மிதிதோல் முதல் டி.எம்.டி. கம்பி வரை: வட தொண்டை மண்டலத்தில் கொல்லுலையின் வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. அதே திருவள்ளூர் மாவட்டத்தில் லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிக்கும் கொல்லர்களும் இருக்கிறார்கள். முன்னதை வளர்ச்சி என்றும் பின்னதைப் பழமையின் எச்சம் என்றும் பிரித்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. கொல்லுலைக்குக் காற்றும் கரியும் இரும்பும் அடி தாங்கும் பட்டடையும் வேண்டும். இவை வந்து சேர்ந்த வழி நூற்றாண்டுதோறும் மாறியிருக்கிறது. சூட்டையும் நீரையும் கொண்டு இரும்பைப் பதப்படுத்தும் அறிவு மட்டும் தொடர்ந்து வந்து, இன்றைய ஆலைக்குள்ளும் வேலை செய்கிறது.

காற்றிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகையின் 172ஆம் பாடலைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். கச்சிப்பேடு இன்றைய காஞ்சிபுரம். ஆகவே இது தொண்டை நாட்டுக் குரல். ஏழு ஊர்களின் வேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலையின் மிதிதோலை அவர் உவமையாக்குகிறார். காலால் மிதித்து ஊதும் தோல் துருத்தி அது. பாட்டின் பொருள் பிரிவுத் துயரம்; பொருளாதார வரலாற்றைத் தேடுபவருக்கு அதில் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உலை என்பது அன்று இயல்பாக இருந்திருந்தால் இந்த உவமை பிறந்திருக்காது. துருத்தியும் அதை மிதிக்கும் ஆளும் பல ஊர்கள் சேர்ந்து தாங்கவேண்டிய செலவாக இருந்திருக்க வேண்டும். புறநானூற்றின் 170ஆம் பாடலில் கொல்லனின் சம்மட்டியும் உலைக்கல்லும் வருகின்றன. பட்டறையின் அடிப்படைக் கருவிகள் அப்போதே முழுமை பெற்றுவிட்டன.

இரும்பின் தொன்மைக்குச் சிவகளை, மயிலாடும்பாறை, கொடுமணல் அகழாய்வுகள் சான்று தருகின்றன. சிவகளையின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இவ்விடங்கள் தெற்கிலும் மேற்கிலும் உள்ளவை. திருவள்ளூர் வட்டாரம் இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்ற நிலம் அன்று. இங்குள்ள கொல்லர் வெளியிலிருந்து வந்த இரும்பை வாங்கி வேலை செய்தவர் என்று கொள்வதே பொருத்தம். பிற்கால மாற்றங்களை அவர் எளிதில் ஏற்றுக்கொண்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கொல்லருக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்பதற்கு இப்பகுதியில் அரிய ஆவணம் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீர் என்ற நிலப்பகுதியை, தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்து பதிவு செய்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள் அதில் அடங்கின. பொன்னேரி வட்டாரமும் ஜாகீரைச் சேர்ந்ததே. விளைச்சலை அரசுக்கும் உழுதவருக்கும் பங்கிடுமுன், களத்திலேயே ஊர்த் தொழிலாளருக்கு ஒதுக்கிய தானியப் பங்குகளான மேரைகளை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. தச்சருக்கும் கொல்லருக்கும் அதில் பங்கு உண்டு. கொழு காய்ச்சி அடிக்கும்போதெல்லாம் உழவர் காசு தரவேண்டியதில்லை. ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு அறுவடையில் நெல் வந்தது. கொல்லரின் பிழைப்பு ஊரின் விளைச்சலோடு பிணைந்திருந்ததால், கருவி கெட்டுக் கிடந்தால் அவருக்கும் இழப்பு. பட்டறையின் வரலாற்றில் துருத்தியைவிட இந்த ஏற்பாடு முக்கியமானது என்று கருதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டு இரும்பின் வழியை மாற்றியது. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை சேலத்துத் தாதுவையும் மரக்கரியையும் நம்பி நடந்தது. அந்த நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. கப்பலில் வந்த மலிவான பிரிட்டன் இரும்பு நாட்டு உலைகளை அணைத்தது. உருக்குபவர் தொழில் இழந்தார். அடிப்பவருக்கோ மலிவான சரக்கு கிடைத்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் திருவள்ளூர் வழியே சென்றது. ரயிலால் இரண்டு விளைவுகள். எஞ்சினுக்கு விறகு வேண்டிச் சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. கழித்த தண்டவாளத் துண்டு பிற்காலத்தில் பட்டறையின் பட்டடையாயிற்று. லாரிகள் பெருகியபோது தேய்ந்த பட்டைகள் அரிவாளாயின. ஆலைக் கழிவை மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் வேலையைக் கொல்லர்கள் மறுசுழற்சி என்ற பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்பே செய்துவந்தார்கள்.

இனி நுட்பம். அரிவாளின் வாயைச் செஞ்சூடாகக் காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் கொல்லர் நீரில் தோய்க்கிறார். அது கடினப்படுகிறது, ஆனால் அடித்தால் உடையும். உடனே வெளியே எடுத்துக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார். முதுகில் தங்கிய சூடு வாய்க்குத் திரும்பி வருகிறது. வைக்கோல் நிறம் தோன்றினால் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். பழுப்பும் ஊதாவும் கடந்து நீலம் வந்தால் 300ஐ எட்டுகிறது. செய்யும் கருவிக்கேற்ற நிறத்தில் முழுவதையும் தோய்க்கிறார். இதுவே தோய்ச்சல்.

ஆலைகள் உருட்டும், வெப்ப-இயந்திர முறையில் பதப்படுத்திய டி.எம்.டி. கம்பியிலும் இதே விதிதான். 1970களில் பெல்ஜியத்தில் டெம்ப்கோர் என்ற பெயரில் உருவான முறையின் வழி வந்தது அது. உருளைகளை விட்டு ஏறத்தாழ 1,000 பாகைச் சூட்டில் வெளிவரும் கம்பி, நீர் பீய்ச்சும் குழாய்களுக்குள் நொடிப்பொழுதில் கடக்கிறது. மேல்தோல் கடினமாகிறது. உள்ளே தங்கிய சூடு வெளியே பரவி அந்தத் தோலின் நொறுங்கும் குணத்தைத் தணிக்கிறது. கொல்லர் கண்ணால் முடிவு செய்வதை ஆலையில் நீரின் அழுத்தமும் கம்பியின் வேகமும் முடிவு செய்கின்றன.

கலவையில் மட்டும் இரண்டும் வேறு. லாரிப் பட்டையில் கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கம்பிகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1786, எஃப்.இ. 500 வகைக் கம்பிக்கு 0.30 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதனால் கம்பியில் அடித்த கத்தியில் கூர் நிற்காது. கொக்கி, குறடு, தீக்கோல் செய்ய அது போதும். வீட்டுக் கொல்லையில் சிறு உலை வைத்துப் பழக விரும்பும் இளைஞர்கள் முதலில் அறியவேண்டியது இதுதான். மரக்கரியும் சிறு புளோயரும் ஒரு தண்டவாளத் துண்டும் தொடக்கத்துக்குப் போதும். தண்டவாளத்தைச் செங்குத்தாக நட்டால் சுத்தியலுக்குக் கீழே நிறை கூடும், அடி வீணாகாது. தோய்க்கும் சூட்டுக்குக் காந்தம் வழிகாட்டும்: 770 பாகையில் இரும்பு அதில் ஒட்டாது, அதைச் சற்றுத் தாண்டித் தோய்க்கவேண்டும். துத்தநாகம் பூசிய குழாயையும் தகட்டையும் ஒருபோதும் உலையில் இடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.

கிராமப் பட்டறை தளர்ந்ததற்கு உருக்காலையைக் குற்றம் சொல்ல முடியாது. டிராக்டர் கொழுவின் வேலையை எடுத்தது. அறுவடை இயந்திரம் கதிரரிவாளின் வேலையை எடுத்தது. களத்து மேரை அதற்கு முன்பே மறைந்து, கூலி காசாகிவிட்டது. ஊர் தாங்கிய ஒரு தொழில் தனிமனிதரின் சுமையானது இப்படித்தான்.

பார்னார்டின் கணக்கர்கள் ஊர் ஊராக எழுதியதுபோல் இன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைகளை எவரேனும் எழுதவேண்டும். எந்தப் பட்டையில் எந்தக் கருவி, எந்த நிறத்தில் தோய்ச்சல் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய இம்மாவட்டத்துக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் முன்வர வேண்டும். அதிரம்பாக்கம் பகுதியின் கற்கருவிகளைக் காத்துவரும் பூண்டி அகழ்வைப்பகத்தில் ஒரு துருத்திக்கும் ஒரு பட்டடைக்கும் இடம் தருமாறு தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.