ஏழைகள் வளர்த்த அடுப்பு

வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் கடலைப் பார்த்தபடி பரந்து கிடக்கும் நேபிள்ஸ் நகரத்திற்கு அரசர்களாலும் அரண்மனைகளாலும் வந்த பெருமை எவ்வளவோ உண்டு. ஆயினும் இன்று உலகத்தின் மூலைமுடுக்குகளிலெல்லாம் அந்நகரத்தின் பெயர் வழங்குவதற்குக் காரணம், அதன் சந்துகளில் வசித்த ஏழை ஜனங்கள் பசியாறிய பீட்சா என்னும் எளிய ஆகாரமே.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களுள் ஒன்றாக விளங்கிய நேபிள்ஸில், ஒரே அறையில் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டு, அடுப்பு மூட்டவும் இடமின்றிக் காலந்தள்ளிய கூலிக்காரர்களும் படகோட்டிகளும் ஏராளமாக இருந்தார்கள். கையிலுள்ள சில்லறைக்குக் கிடைப்பதாயும், நின்ற இடத்திலேயே மடித்து உண்ணத்தக்கதாயும் இருந்த பீட்சா அவர்களுக்கு வாய்த்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயின் வழியாக வந்து, விஷமோ என்று ஐரோப்பியர் பலர் அஞ்சி ஒதுக்கிய தக்காளியும் நாளடைவில் அதன்மேல் ஏறிற்று. தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களுக்குச் சரக்குக் கொடுப்பதற்கென்று 1738-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் போர்ட்டால்பா என்னும் கடை, 1830-இல் மேஜையும் நாற்காலியும் போட்டு, வந்தவர்களை உட்காரவைத்துப் பரிமாறும் போஜனசாலையாயிற்று. இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கலாம் என்ற வழக்கமும் அந்நகரத்துப் பீட்சா வியாபாரத்தில் இருந்தது; நாணயத்தை நம்பி நடந்த வியாபாரம் அது.

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா 1843-இல் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் இந்த உணவைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். எண்ணெய், கொழுப்பு, பாலாடைக்கட்டி, தக்காளி, பொடிமீன் ஆகியவற்றின் விலை ஏறவும் இறங்கவும் பீட்சாவின் விலையும் உடன் மாறுவதால், அதைக் கொண்டே சந்தை நிலவரத்தை அறிந்துவிடலாம் என்பது அவர் கண்ட விசேஷம்.

1889-இல் இத்தாலிய மகாராணி மார்கெரிட்டா நேபிள்ஸுக்கு விஜயம் செய்தபோது, ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தக்காளியின் சிவப்பும், மொட்ஸரெல்லா என்னும் பாலாடைக்கட்டியின் வெண்மையும், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையின் பசுமையும் சேர்ந்து தேசக்கொடியின் வர்ணங்கள் விளங்கும்படி ஒரு பீட்சா செய்தளித்தார் என்றும், ராணியின் பெயரே அதற்கு நிலைத்தது என்றும் கர்ணபரம்பரையாகக் கதை வழங்குகிறது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நேபிள்ஸ் ஜனங்களின் பழக்கவழக்கங்களை வருணித்த நூலொன்றில் பாலாடைக்கட்டியும் பேசிலும் தக்காளியும் பீட்சாவின்மேல் இடம்பெற்றுவிட்டன. கதை மெய்யேயானாலும் கிரீடம் தந்தது பெயரை மட்டுந்தான், பக்குவம் தெருவினுடையது.

அந்தப் பக்குவத்தை இன்றும் கண்ணாரக் காணலாம். 1870-இல் கொண்டூர்ரோ குடும்பத்தார் தொடங்கிய மிக்கேலே கடை, மார்கெரிட்டாவும், பாலாடைக்கட்டியே சேராத மரினாராவும் ஆகிய இரண்டே வகைகளால் நெடுங்காலம் பிரசித்தி பெற்று நின்றது. இத்தகைய கடைகளில் மாவு, நீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் ஆகிய நான்கையே கொண்டு பிசைந்து, பல மணி நேரம் புளித்து உப்பிய உருண்டையைப் பளிங்குப் பலகையில் வைத்து, குழவி தொடாமல், விரல் நுனிகளால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்தும்போது, உள்ளிருக்கும் காற்று ஓரத்திற்கு ஒதுங்குகிறது. ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் சூட்டில் தகிக்கும் விறகடுப்பில் அறுபது முதல் தொண்ணூறு விநாடிகளுக்குள் அந்தக் காற்றே ஓரத்தைப் பொங்கவைக்கிறது. நடுப்பாகமோ நான்கு மில்லிமீட்டர் கனத்தில் மெத்தென்று நிற்கிறது. நீண்ட கரண்டியால் பீட்சாவைத் திருப்பித் திருப்பி வைப்பவனுக்குக் கண்ணே கடிகாரம். ஒரு கணம் தாமதித்தாலும் கருகிவிடும்.

பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலியர்களோடு பீட்சாவும் சமுத்திரத்தைக் கடந்து, 1905-இல் நியூயார்க்கில் லொம்பார்டி கடையாக வேரூன்றிற்று. பல தேசங்களில் பல ரூபங்கள் எடுத்தபின், மூலமுறையைப் பாதுகாக்க 1984-இல் நேபிள்ஸில் ஒரு சங்கம் தோன்றியது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அம்முறையைச் சட்டபூர்வமாக அங்கீகரித்தது. 2017-இல் யுனெஸ்கோ நேபிள்ஸில் பீட்சா செய்பவர்களின் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் சேர்த்தது. இவையெல்லாம் போற்றத்தக்க பிரயத்தனங்களே. எனினும் சில பொருள்கள், சிறிது நேரம், வீணாகாத விறகு என்ற கட்டுப்பாட்டை அந்தக் கலைக்கு முதலில் விதித்தது வறுமை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே ருசியின் பூரணத்தைக் கண்டவர்கள் சரித்திரத்தில் பெயர் பொறிக்கப்படாத சாமானியர்கள். ஆகவே அசல் பீட்சா என்று நாம் எதைப் போற்றினாலும், அந்தப் புகழ் முதலில் அவர்களுக்கே உரியது.