சுபாவம் யார் கொடுத்தது?

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் பழமொழி. “தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பதும் நம் பழமொழிதான். முதலாவது, பிள்ளையின் குணம் இரத்தத்தோடு வந்தது என்கிறது. இரண்டாவது, அது பழக்கத்தால் வந்தது என்கிறது. ஒரே பாட்டி, ஒரே திண்ணையில் உட்கார்ந்து, காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொல்வாள். பேரன் சமர்த்தாக நடந்து கொண்டால் தன் மகனின் இரத்தத்தை நினைத்து முதற் பழமொழி வரும். அவன் அடம் பிடித்தால் மருமகளின் வளர்ப்பை நினைத்து இரண்டாவது வரும். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று பாட்டிக்குத் தோன்றியதே இல்லை.

மேல்நாட்டுப் பண்டிதர்களுக்கு அது தோன்றி விட்டது. இரண்டில் எது உண்மை என்று நூறு வருஷத்துக்கு மேல் வாதாடினார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வாதத்தில் தனி அக்கறை உண்டு. ஒரு பாத்திரம் முன்கோபியாக இருந்தால், “இவன் ஏன் இப்படி ஆனான்?” என்று வாசகர்கள் கேட்பார்கள். கதாசிரியரும் இரண்டு அத்தியாயம் பின்னால் போய், கொடுமைக்காரச் சிற்றன்னை ஒருத்தியையோ, குடிகாரத் தகப்பன் ஒருவனையோ கொண்டு வந்து நிறுத்துவார். எல்லோருக்கும் திருப்தி! இப்படிச் சுலபமாகக் காரணம் கற்பிக்கும் வழக்கம் கதைகளோடு நின்றிருந்தால் பாதகமில்லை. விஞ்ஞானிகளும் அதைச் செய்தார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள், உயிரும் உடலும் உள்ள குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சார்லஸ் டார்வினுக்கு உறவினரான பிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் இதை ஒரு விஞ்ஞானப் பிரச்னையாக்கினார். இரட்டைக் குழந்தைகளைப் பற்றி அவருடைய கட்டுரை 1875-ல் வெளிவந்தது. இரட்டையர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை வைத்துக் கொண்டு, வளர்ப்பைவிடப் பிறப்பே வலியது என்று அவர் முடிவு கட்டினார். இரட்டையர்களை வைத்து ஆராயலாம் என்ற யோசனை அருமையானது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் கால்ட்டன் அங்கே நிற்கவில்லை. நல்ல வித்து உள்ளவர்கள் பெருக வேண்டும், மற்றவர்கள் குறைய வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் ஒரு பெயரும் சூட்டினார். அந்தக் கொள்கை அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் 1907-ல் சட்டமாயிற்று. நாளடைவில் அந்த நாட்டில் மட்டும் 60,000 பேருக்கு மேல் பிள்ளை பெற முடியாதபடி அறுவை செய்யப்பட்டார்கள். ஜெர்மனியில் 1933-ல் ஹிட்லர் ஆட்சி இயற்றிய சட்டத்தால் அப்படிச் செய்யப்பட்டவர்கள் சுமார் 4,00,000 பேர். “எல்லாம் பிறப்பு” என்ற வாக்கியம் எங்கே கொண்டு போய் விட்டது, பார்த்தீர்களா?

எதிர்க் கட்சியாவது கருணை காட்டியதா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கட்சியின் தலைவர் ஜான் வாட்ஸன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். ஆரோக்கியமான ஒரு டஜன் குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைத்தால், அவர்களில் எவனையும் தாம் விரும்பியபடி டாக்டராகவோ, வக்கீலாகவோ, திருடனாகவோ ஆக்கிக் காட்ட முடியும் என்று சவால் விட்டவர் அவர். பயம் என்பதுகூடப் பெரும்பாலும் பழக்கித் தருவதுதான் என்று நிரூபிக்க, ஆல்பர்ட் என்ற ஒரு பாலகனைத் தேர்ந்தெடுத்தார். குழந்தைக்கு 9 மாதம் ஆனபோது வெள்ளெலி, முயல், நாய் முதலியவற்றைக் காட்டினார்கள். அவன் எதற்கும் பயப்படவில்லை. 11-வது மாதத்தில், அவன் வெள்ளெலியைத் தொடும் போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். குழந்தை திடுக்கிட்டு அழுதான். சில தடவைகளுக்குப் பிறகு, சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலே அழத் தொடங்கினான். முயலைக் கண்டும், ரோமச் சட்டையைக் கண்டுங்கூட ஒதுங்கினான். பயத்தை ஊட்டியவர்கள் அதைப் போக்குவதற்கு முன்பே குழந்தையை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக் கொண்டு போய் விட்டார்கள். இந்தப் பரிசோதனையை வாட்ஸனும் அவருடைய உதவியாளர் ரோஸலி ரேனரும் 1920-ல் பிரசுரித்தார்கள். பிறகு இருவரும் மணந்து கொண்டார்கள்.

1928-ல் மனைவியின் உதவியோடு வாட்ஸன் ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதினார். குழந்தையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் எழுந்ததும் கை குலுக்கினால் போதும் என்பது அதில் உள்ள உபதேசம். ஆபீஸ் மானேஜரும் குமாஸ்தாவும் பழகுவது போலத் தாயும் பிள்ளையும் பழக வேண்டுமாம்! புத்தகம் பலமாக விற்றது. எத்தனை வீடுகளில், தொட்டிலில் குழந்தை அழ அழ, கை பரபரத்தும் தூக்காமல் நின்றிருப்பார்கள் தாய்மார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ரோஸலி அம்மாளுக்கே இது முழுதும் உடன்பாடாக இல்லை. தம்மை ஒரு பழக்கவாதியின் புதல்வர்களுக்குத் தாய் என்று சொல்லிக் கொண்டு 1930-ல் அவர் ஒரு பெற்றோர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதில் வேடிக்கைப் பேச்சுக்கு நடுவே அவருடைய சந்தேகங்களும் எட்டிப் பார்க்கின்றன.

இரண்டு கட்சிகளுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கவனியுங்கள். குழந்தை என்ன செய்கிறது என்பதை வருஷக்கணக்கில் அருகிலிருந்து பார்க்க இருவருக்கும் பொறுமை இல்லை. அந்தப் பொறுமை நியூயார்க்கில் ஒரு தம்பதிக்கு இருந்தது. டாக்டர் அலெக்ஸாண்டர் தாமஸும் டாக்டர் ஸ்டெல்லா செஸ்ஸும் மனநோய் மருத்துவர்கள்; நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்கள். பிள்ளை கெட்டால் தாய்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்ணை மூடிக் கொண்டு சொல்லி வந்த காலம் அது. அந்த மனப்பான்மையையே ஒரு வியாதி என்று கேலி செய்து 1964-ல் செஸ் அம்மாள் எழுதினார்.

1956-ல் அவர்கள் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். கடைசியில் 133 குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். முதல் சில மாதங்களிலிருந்தே பெற்றோரைச் சந்தித்து, குழந்தையை முதன்முதலாகக் குளிப்பாட்டியபோது என்ன செய்தது, புதிய ஆகாரத்தைத் துப்பியதா, விழுங்கியதா, பசியும் தூக்கமும் நேரப்படி வருகின்றனவா, அழுகை சிணுங்கலா, வீடு அதிரும் கூச்சலா என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகும் வரையில் தொடர்ந்தார்கள். ஒன்பது அம்சங்களில் குழந்தைகள் தொட்டிலிலேயே வேறுபடுகிறார்கள் என்று கண்டார்கள். நூற்றுக்கு 40 பேர் சாது. 10 பேர் சிரமமான குழந்தைகள். எதிலும் ஒழுங்கு இல்லை, புதியது எதுவும் ஆகாது, ஆத்திரம் அதிகம். 15 பேர் தயங்கித் தயங்கிப் பழகுகிறவர்கள். மற்றவர்கள் கலவை. பெற்றோர் வளர்க்கத் தொடங்குவதற்கு முன்பே குழந்தை ஒரு சுபாவத்தோடு வந்து விடுகிறது!

அப்படியானால் கால்ட்டன் ஜெயித்து விட்டாரா? அதுதான் இல்லை. சிரமமான குழந்தைகள் எல்லோரும் பிற்காலத்தில் கெட்டுப் போகவில்லை. சாதுக்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்து விடவும் இல்லை. குழந்தையின் சுபாவமும், வீடு அதனிடம் எதிர்பார்ப்பதும் ஒத்துப் போகின்றனவா என்பதைப் பொறுத்தே பலன் அமைந்தது. கார்ல் என்று அவர்கள் புனைபெயரிட்ட ஒரு பையன் இதற்கு நல்ல உதாரணம். முதல் குளியல், முதல் திட ஆகாரம், பள்ளிக்கூடத்தின் முதல் நாள், ஒவ்வொன்றும் அவன் வீட்டில் ஒரு யுத்தம். தாய் தன்னையே நொந்து கொண்டாள். தகப்பனோ, “எவ்வளவு வீரியமான பயல்!” என்று பூரித்தாராம். புதியதை எதிர்த்துக் கத்துவான், பொறுத்திருந்தால் பழகிக் கொள்வான் என்று கண்டுகொண்டு, இருவரும் அவனை அவசரப்படுத்தாமல் வளர்த்தார்கள். அவன் உற்சாகமான பையனாக வளர்ந்தான். வீட்டை விட்டுக் கல்லூரிக்குப் போனபோது, புதிய ஊர், புதிய பாடங்கள், புதிய மனிதர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர, கலங்கிப் போய் அவனாகவே செஸ் அம்மாளைத் தேடி வந்தான். அவனுடைய பழைய கதையை அவனோடு பேசினார் அந்த அம்மாள். சில பாடங்களை விட்டு விட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொண்டான், சரியாகி விட்டான்.

வீடு மாறினால் கணக்கும் மாறும். அதே தம்பதி நியூயார்க்கில் வசித்த போர்ட்டோ ரிக்கோ தீவுத் தொழிலாளர் குடும்பங்களையும் ஆராய்ந்தார்கள். நேரப்படி தூங்காத குழந்தை, நடுத்தர வர்க்கத்து வீட்டில் பெரிய தொல்லை. போர்ட்டோ ரிக்கோ வீட்டிலோ, தூக்கம் வந்தபோது தூங்கட்டும் என்று விட்டு விடுவார்கள். யாருக்கும் தொல்லை இல்லை. பள்ளிக்கூட மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுபாவம் ஒரு குறையாயிற்று.

இதைவிட உருக்கமான செய்தி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மார்ட்டன் டெவ்ரீஸ் என்ற மருத்துவர் கென்யாவில் மஸாய் மக்களிடையே, சாதுவான குழந்தைகள் பத்துப் பேரையும் சிரமமானவர்கள் பத்துப் பேரையும் குறித்து வைத்திருந்தார். அது 1970-களில் கடும் பஞ்சம் நிலவிய காலம். சில மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது, பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருந்தன. தேடிக் கண்ட சாதுக் குழந்தைகள் ஏழு பேரில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். சிரமமான ஆறு பேரில் இறந்தது ஒன்றுதான். சிறிய கணக்கு, இதை வைத்துச் சட்டம் செய்ய முடியாது. ஆனால் “அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்று சொன்னவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. நியூயார்க்கில் டாக்டரிடம் அழைத்துப் போக வைக்கும் குணம், பஞ்சத்தில் உயிரைக் காத்திருக்கிறது.

பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் இதையே பல விதமாகச் சொல்கின்றன. ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஜெரோம் கேகன், வளர்ப்பே எல்லாம் என்ற நம்பிக்கையோடு தொழிலைத் தொடங்கி, பிறகு எண்ணத்தை மாற்றிக் கொண்டவர். நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் குரல்களையும் வாசனைகளையும் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கை கால்களை உதறி அழுதது. அவர்களில் பலர் பிறகு கூச்சமுள்ள பிள்ளைகளானார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. பாய்ந்து பாய்ந்து அணைத்துக் காக்காமல், அன்போடு சிறிது கண்டிப்பும் காட்டிய தாய்மார்களின் பிள்ளைகளிடம் பயம் குறைவாகக் காணப்பட்டது.

இரட்டையர் ஆராய்ச்சிகளோ, சுபாவ வேறுபாடுகளில் நூற்றுக்கு 20 முதல் 60 வரை பரம்பரையைச் சேர்ந்தவை என்கின்றன. இது ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனிக் குழந்தையில் இவ்வளவு இரத்தம், இவ்வளவு வளர்ப்பு என்று பிரிப்பது, வெந்த தோசையிலிருந்து அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே எடுப்பதற்குச் சமானம். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் அந்த வீட்டினாலேயே ஒரே மாதிரி ஆகி விடுவதில்லை. ராபர்ட் ப்ளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987-ல் இதை வற்புறுத்தினார்கள். ஒரே தகப்பனின் ஒரே அதட்டல், ஒருவனுக்கு இடி, மற்றவனுக்குத் தூறல்.

அப்படியானால் வீடு அவ்வளவு முக்கியமில்லையோ என்று சிலர் நினைக்கலாம். வீடே இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966-ல் கருச்சிதைவைத் தடை செய்து ஜனத்தொகையைப் பெருக்க முயன்றார். ஏழைகளால் வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசாங்க விடுதிகளில் நிரம்பினார்கள். 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தபோது அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். 2000-க்குப் பிறகு நெல்ஸன், ஸீனா, பாக்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புக்கரெஸ்ட் நகரத்து விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக் கொண்டு, திருவுளச் சீட்டுப் போடுவது போலப் பாதிப் பேரை வளர்ப்புப் பெற்றோரிடம் அனுப்பினார்கள். மற்றப் பாதிப் பேர் விடுதிப் பராமரிப்பில் விடப்பட்டார்கள். வேறு வீடு கிடைத்தால் போகத் தடையில்லை. கேட்கவே மனம் கூசுகிறது. ஆனாலும் அதில் கிடைத்த அறிவு பெரிது. 42 மாத வயதில், வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், வளர்த்தவர்களிடம் பயமில்லாத பாசத்தோடு ஒட்டியிருந்தார்கள். விடுதியில் விடப்பட்டவர்களில் அப்படி இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தவர்கள் பல விதங்களிலும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

அந்த விடுதிகளிலும் சாதுக் குழந்தைகளும் சிரமமான குழந்தைகளும் பிறந்த சுபாவத்தோடுதான் வந்திருப்பார்கள். இது சாது, இது முரடு, இது கூச்சம் என்று கண்டு, அதற்கு ஏற்றபடி கையை நீட்ட அங்கே ஒருவர் இல்லை. பெற்றோரின் வேலை என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். குழந்தையின் சுபாவத்தை அவர்கள் செய்யவில்லை. அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதும் இல்லை. வந்திருப்பவன் யார் என்று பார்க்க வேண்டியது மட்டும் அவர்கள் பொறுப்பு. அதற்குச் சில வருஷம் பிடிக்கலாம். கார்லின் பெற்றோருக்கும் பிடித்தது.