விரலில் வந்த பாலுண்ணியும் தரம் 6 தடுப்பூசியும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோர் எல்லோருக்கும் இன, மத வேறுபாடின்றி இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை வலது கையை மேசைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார். விரல்களில் பாலுண்ணி. வீட்டில் யாரோ சுண்ணாம்பு பூசியதில் பக்கத்துத் தோலும் வெந்திருந்தது. தவளையைத் தொட்டதால் வந்தது என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள்.

தவளைமேல் பழி போடுவது பழைய கதை. பாலுண்ணியும் மனிதனுக்குப் புதியதல்ல. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் அதன் வகைகளைப் பிரித்து எழுதினார். இப்னு சீனாவின் (980–1037) 'அல்கானூன்' மருத்துவ நூலும் அதைப் பேசுகிறது. தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து போடுகிறார்கள். எல்லோரும் அதைக் கண்டார்கள். ஏன் வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

1907இல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சூஃபோ பாலுண்ணியை அரைத்து, பக்டீரியாகூட நுழைய முடியாத வடியில் வடித்து, அந்த நீரைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களில் அங்கே பாலுண்ணி முளைத்தது. காரணம் பக்டீரியாவிலும் சிறிய ஒரு கிருமி, அதாவது வைரஸ் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதன் பெயர் எச்.பி.வி. அதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு.

அடையாளம் காண்பது கடினமல்ல. மேற்பரப்பு சொரசொரப்பாகக் கோலிஃபிளவர் போல இருக்கும். உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவை வேர் அல்ல, உறைந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். பாதத்தில் வந்தால் உள்ளே அழுந்தி, நடக்கும்போது வலிக்கும். பிள்ளைகளுக்கு வருவதில் பெரும்பகுதி இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். சுண்ணாம்பு, குதிரை மயிர், நேர்த்தி எல்லாமே 'பலித்ததற்கு' முக்கிய காரணம் இதுதான். பிளேட்டால் வெட்டாதீர்கள், சுடாதீர்கள். துவாயைப் பகிராதீர்கள். வேகமாகப் பெருகினால், நிறம் மாறினால், இரத்தம் கசிந்தால், அல்லது நீரிழிவுள்ளவரின் காலில் வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். இதே வைரஸ் குடும்பத்தின் வேறு சில வகைகள் பெண்களின் கருப்பைக் கழுத்தைத் தாக்குகின்றன. 1983, 1984இல் ஜெர்மனியின் ஹரால்ட் ஸூர் ஹவுசனின் குழு 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்தே பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விரலில் வரும் வகைகள் வேறு, அவை புற்றுநோயாக மாறுமென்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஆபத்தான வகைகளுக்குத் தடுப்பூசி உண்டு. 2017 முதல் நம் நாட்டில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாக, இரண்டு தடவையாகப் போடப்படுகிறது.

சில உம்மாமார், அம்மாமார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்: "இந்த வயதில் எதற்கு? பிள்ளையைச் சந்தேகிப்பதா?" இல்லை. அந்த வகைகள் தாம்பத்தியத்தின் வழியாகவே தொற்றுகின்றன. ஒழுக்கமாக வாழ்ந்த பெண்ணுக்கும் கணவரிடமிருந்து, அவருக்கே தெரியாமல், வரலாம். கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும். குடை மழைக்கு முன்னால்தானே வாங்க வேண்டும்?

தாய்மாருக்கும் ஒரு சொல். 35 வயதானால் எம்.ஓ.எச். அலுவலகத்தின் சுகநல கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதியுங்கள். வெட்கப்பட எதுவுமில்லை.

விரலில் தெரிகிற பாலுண்ணிக்கு வெட்கப்பட்டு ஒரு பிள்ளை கையை மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு நாம் வெட்கப்பட்டுப் படிவத்தை மறைத்துவிடக் கூடாது. சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் டொக்டரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள்.