தைக்கு முன் ஒரு வெள்ளையடிப்பு

மார்கழி பாதி கடந்துவிட்டால் நம் தோட்டப்புறங்களில் ஒரு தனிச் சுறுசுறுப்பு பிறப்பது வழக்கமாய் இருந்தது. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பியவர்கள் வாளியில் சுண்ணாம்பு கரைப்பார்கள். பாயும் தலையணையும் வெயிலில் காயும். பிள்ளைகள் ஒட்டடைக் கம்போடு ஓடித் திரிவார்கள். போகிக்கு முன் வீடு வெளுத்தாக வேண்டும்!

இதற்கு ஏன் இந்த மாதம்? குளிர்நாட்டு மக்கள் பனிக்காலம் முழுவதும் கதவை அடைத்து வாழ்ந்து, வசந்தம் வந்ததும் வீட்டைத் திறந்து துப்புரவு செய்வார்கள். நம் நாட்டில் பனியில்லை, மழைதான் உண்டு. மேற்குக் கரை மாநிலங்களில் ஆண்டிறுதி மழை ஓய்ந்து, தையில் வெயில் தலைகாட்டும். பூசிய சுண்ணாம்பு அப்போதுதான் நன்றாகக் காயும். அடுத்த சில வாரங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும். ஆகவே தை நமக்கு ஒரு வசந்தமே ஆகும்.

இப்பழக்கம் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர்களோடு வந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல் தண்ணீர் பட்டதும் சீறிக் கொதிக்கும். அதை ஆறவிட்டு வடிகட்டி, பளிச்சென்று தெரியச் சிறிது நீலமும், சுவரில் பிடிக்கச் சிறிது கஞ்சியும் கலப்பார்கள். நசுக்கிய தேங்காய் மட்டையே தூரிகை. சுண்ணாம்பின் காரம் கிருமிகளைக் கொல்லும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது மீண்டும் கல்லாக இறுகும். இந்த விளக்கமெல்லாம் தெரியாமலே நம் பாட்டிமார் அதன் பயனை அறிந்திருந்தார்கள்.

ஆனால் இங்கே அவர்கள் வெள்ளையடித்த வீடு அவர்களுடையது அன்று. ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அறைகள் அமைந்த லயம் அது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் தோட்ட நிர்வாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். வீட்டின் உட்புறம் நம் கையில் இருந்தது. கூரையும் கால்வாயும் துரையின் கையில் இருந்தன. இந்தப் பிரிவினை எத்தனை உயிர்களைப் பறித்தது என்பதை வரலாறு கூறுகிறது.

உள்ளே எவ்வளவு துடைத்தாலும் வெளியிலிருந்து வந்தது மலேரியாக் காய்ச்சல். அதைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மல்கம் வாட்சன், அந்த உண்மையை இந்நாட்டில் செயலில் காட்டினார். கிள்ளானிலும், அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், சதுப்பு நீரை வடித்துக் காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் மலைப்பாங்கான தோட்டங்களில் கதை வேறாயிற்று. அங்கே காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிந்த ஓடை நீரில் வளரும் வேறொரு கொசு அங்கே பெருகியது. எனவே ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விடவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. இவை ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள் அல்ல. கால்வாயில் மண் சேர்ந்தால், எண்ணெய் தெளிக்கும் ஆள் நின்றுபோனால், கொசுவும் காய்ச்சலும் திரும்பி வரும். செலவைச் சுருக்க நினைத்த நிர்வாகங்கள் இந்த வேலையில் கைவைத்தபோது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் லயத்தில் இருந்தவர்களே.

குடியிருப்பும் மருத்துவமும் நிர்வாகத்தின் கடமை என்று 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வகுத்தன. நாடு விடுதலை பெற்ற பின், தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டுத் தரங்களை வரையறுத்து 1966இல் தனிச் சட்டமே வந்தது. 1990இல் அது புதிய சட்டமாக விரிந்தது. தொழிலாளர் குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்பது இச்சட்டங்களின் அடிப்படைக் கருத்து. ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்பது கெஞ்சுவதன்று, உரிமை என்பதை நம்மவர்கள் மெல்ல மெல்ல உணர்ந்தார்கள்.

பின்னர் காலம் மாறியது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல, வீட்டு மனைகளாயின. நம் குடும்பங்கள் பலவும் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடியேறின. கடன் வாங்கி, ஈ.பி.எஃப். பணத்தை எடுத்து, சொந்த வீடு கண்டவர்கள் ஏராளம். லயத்தில் பிறந்தவர்களுக்கு இது சிறிய வெற்றியா?

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வீடு நமதானபோது கூரையும் கால்வாயும் நமதாகிவிட்டன. சுவருக்குச் சாயம் பூசுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். அது பாட்டிமார் தந்த பழக்கம். கூரைக்கு ஏறிப் பார்க்கும் பழக்கமோ நமக்குக் குறைவு. அது என்றும் நம் வேலையாக இருந்ததில்லை.

ஆகவே பொங்கலுக்கு வீடு வெளுக்கும்போது இவற்றையும் சேர்த்துக்கொள்வோம். மழை ஓய்ந்ததும் பீலியில் அடைத்த சருகை அள்ள வேண்டும். பெயர்ந்த தகரத்தையும் நழுவிய ஓட்டையும் சரிசெய்ய வேண்டும். மரச்சட்டங்களைத் தட்டிக் கரையான் பார்க்க வேண்டும். கால்வாயின் மண்ணை வார வேண்டும். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆதலால் பூந்தொட்டித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, வாரந்தோறும் கவனிக்க வேண்டும். வாட்சன் காலத்துப் பாடம் இன்றும் அதுவே.

இன்னும் தோட்ட வீடுகளில் வாழ்வோரும், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே உழைப்போரும் உண்டு. அவர்கள் வீட்டின் கூரை ஒழுகினால், கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வதும் நம் கடமையாகும்.

தன் பெயரில் இல்லாத சுவருக்கும் ஆண்டு தவறாமல் வெள்ளையடித்தவர்கள் நம் முன்னோர்கள். நம் பெயரில் இருக்கும் வீட்டை நாம் மழைக்கும் கரையானுக்கும் விட்டுவிடலாமா?