மேற்கோள் அளவீடு

ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார்கள், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, ஆய்வின் அளவையும் தாக்கத்தையும் கணிக்கும் முறை. நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்கலாம் என்று சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1948இல் முன்மொழிந்தார். 1960களில் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் வகுத்த எச்-குறியீடு ஓர் ஆய்வாளருக்கு 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். இந்தியாவில் 2016 முதல் வெளிவரும், உயர்கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் இத்தகைய எண்களைக் கணக்கில் எடுக்கிறது.

இந்த எண்களுக்குள் அடங்காத ஆய்வுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரே நல்ல சான்று. அங்குள்ள வைகுண்டப்பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921), அதாவது குடத்தில் இட்ட ஓலைகளை எடுத்து ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையைச் சொல்லும் கல்வெட்டுகளை, கல்வெட்டறிஞர் வெங்கையா விளக்கியது தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் அவ்வூரைப் பற்றிப் பிரெஞ்சில் நூலே எழுதினார்கள். ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களையே திரட்டுகின்றன. ஆண்டறிக்கையும் பிறமொழி நூலும் அவற்றில் எளிதில் விடுபட்டுப்போகும். ஆனால் உத்திரமேரூர் பற்றிய இந்த ஆய்வோ பள்ளிப் பாடநூல்வரை சென்று சேர்ந்த உழைப்பு. துறைக்குத் துறை வேகமும் மாறும்: மருத்துவத்தில் ஓராண்டில் குவியும் மேற்கோள்கள் கல்வெட்டியலில் சேரப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், இரு துறைகளையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது தவறு.